ஐரிஷ் விஸ்கியின் மென்மை எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து விஸ்கி என்றால் "மென்மையானது, தொண்டையை எரிக்காது" என்பார்கள். இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஜேம்சன் கலவை விஸ்கிக்கு இது பொருந்தும். ஆனால் டப்ளினின் பழைய வடிசாலைக்காரர்களிடம் இதைக் கொடுத்திருந்தால், விஸ்கி என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு ஜேம்சன் போத்தலுக்குள் இரண்டு வகை வடிசாறுகள் இருக்கின்றன. முதலாவது 'பொட் ஸ்டில்' விஸ்கி. முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்து அரைத்து, நொதிக்கவைத்து, பெரிய செப்புக் கலன்களில் மூன்று முறை வடிப்பார்கள். முளைகட்டாத பார்லியைப் பெருமளவில் சேர்க்கும் வழக்கத்துக்குக் காரணம் வரி. 18ஆம் நூற்றாண்டில் அரசு முளைதானியத்துக்கு வரி விதித்தபோது, அதன் அளவைக் குறைத்து, வரியில்லாத பச்சைத் தானியத்தைச் சேர்த்தார்கள். வரிக்குத் தப்பச் செய்த வேலை தனிச் சுவையாக நிலைத்துவிட்டது. நாக்கில் எண்ணெய்போலப் படியும் கனமும், மிளகு, கராம்பு போன்ற காரமும், பச்சை அப்பிளின் வாசமும் இந்தப் பார்லியிலிருந்தே வருகின்றன.

இரண்டாவது தானிய விஸ்கி. பெரும்பாலும் சோளத்திலிருந்து, உயரமான கோபுரக் கலனில் இடைவிடாது வடிக்கப்படுவது. மதுசாரம் கூடியது, மணம் குறைந்தது, இலேசானது. இந்தக் கலனைச் செம்மைப்படுத்தி 1830இல் ஆக்கவுரிமை பெற்றவர் ஈனியஸ் கொஃபி. அயர்லாந்தில் மதுவரி உயரதிகாரியாக இருந்தவர்! ஆனால் டப்ளினின் பெரிய வடிசாலைகள் அவரது கலனைத் தீண்டவில்லை. ஸ்கொட்லாந்துக்காரர்கள் அதை வரவேற்று, மலிவான தானிய விஸ்கியைத் தங்கள் முளைபார்லி விஸ்கியோடு கலந்து உலகச் சந்தையைப் பிடித்தார்கள். 1870களின் இறுதியில் டப்ளினின் நான்கு பெரிய வடிசாலைகள் சேர்ந்து, கலப்படத்துக்கு எதிராக ஒரு நூலையே வெளியிட்டன. 1909இல் பிரித்தானிய அரச ஆணைக்குழு, தானிய வடிசாறும் விஸ்கியே என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகும் டப்ளின் இறங்கிவரவில்லை.

பின்னர் அடிமேல் அடி விழுந்தது. 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது டப்ளினின் மரோபோன் லேன் வடிசாலை கிளர்ச்சியாளரின் காவலரணாக இருந்தது. விடுதலைப் போர், உள்நாட்டுப் போர், 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கு, 1930களில் பிரித்தானியாவோடு வரிப்போர். ஒவ்வொன்றும் ஒரு சந்தையை மூடியது. 1966இல் எஞ்சியிருந்த ஜேம்சன், பவர்ஸ், கோர்க் நிறுவனங்கள் ஒன்றாயின. ஜேம்சனின் போ வீதி வடிசாலை 1971இல் நின்றது. உற்பத்தி 1975இல் கோர்க் மாவட்டத்தின் மிடில்ரனுக்கு மாறியது. இலேசான கலவையாக ஜேம்சனை மாற்றியதும் இக்காலத்தில்தான். அந்தக் கலவைதான் தொழிலைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. பழைய சுவையின் பெரும்பகுதியை விலையாகக் கொடுத்தார்கள்.

ஜேம்சன் கத்தோலிக்கரின் விஸ்கி, வட அயர்லாந்தின் புஷ்மில்ஸ் புரொட்டஸ்தாந்தரின் விஸ்கி என்று ஒரு கதை உண்டு. ஜோன் ஜேம்சன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த புரொட்டஸ்தாந்தர். புஷ்மில்ஸ் 1972 முதல் 2005 வரை ஜேம்சனின் அதே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. தீவு இரண்டாகப் பிரிந்திருந்தாலும், 'ஐரிஷ் விஸ்கி' என்ற சட்டப் பெயர் இரு பகுதிகளுக்கும் பொதுவானது.

சட்டப்படி ஆகக்குறைந்தது மூன்று ஆண்டுகள் மரப்பீப்பாயில் முதிரவேண்டும். அமெரிக்க போர்பன் அடைத்திருந்த பழைய பீப்பாய்கள் வனிலாவையும் சுட்ட மரத்தின் இனிப்பையும் தருகின்றன. ஸ்பெயினின் ஷெரிப் பீப்பாய்கள் பாதாமின் சாயலையும் முந்திரிகை வற்றலின் சாயலையும் சேர்க்கின்றன. முளைதானியத்தைப் புகையில் உலர்த்தாததால், ஸ்கொட்லாந்தின் சில விஸ்கிகளிலுள்ள கரிப்புகை வாடை ஜேம்சனில் இல்லை. முகரும்போது முதலில் எழுவது வனிலா. காரம் பின்னர் நாவின் ஓரத்தில் சிறிது நேரமே நிற்கும். மூன்று முறை வடித்ததே மென்மைக்குக் காரணம் என்று விளம்பரங்கள் சொல்லும். தானிய விஸ்கியின் பங்கை அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கலக்காத பழைய வகை அருகிப்போயிருந்த காலத்தில் கிறீன் ஸ்பொட், ரெட்பிரெஸ்ட் போன்ற ஓரிரு பெயர்களில் மட்டும் தப்பியிருந்தது. இப்போது மிடில்ரனிலேயே அது மீண்டும் பெருகிவருகிறது. போத்தலில் 'சிங்கிள் பொட் ஸ்டில்' என்று எழுதியிருந்தால், உள்ளே இருப்பது அந்தப் பச்சைப் பார்லியின் சுவை.