ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு

சிங்கப்பூர் மாமாவோ அமெரிக்கா சித்தப்பாவோ எடுத்த சூப்பர் 8 ஃபிலிம் சுருள் உங்கள் ஊர் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

கோடாக் நிறுவனம் 1965இல் சூப்பர் 8ஐக் கொண்டுவந்தபோது அது ஊமைப்படம்தான். 1973இல் அவர்களுடைய எக்டாசவுண்ட் கேமரா வந்தது. அதற்கான ஃபிலிமின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்புக் கோடு ஒன்று ஓடும். கேசட் நாடாவில் இருந்த அதே இரும்பு ஆக்ஸைடு பூச்சுதான். படம் ஓட ஓடப் பேச்சும் அதில் பதிவாகிவிடும். ஊமையாக எடுத்த சுருளுக்குக்கூடப் பிறகு கோடு ஒட்டி, புரொஜெக்டரிலேயே குரல் சேர்த்தார்கள்.

எதிர் ஓரத்தில், துளைகள் பக்கம், இன்னொரு மெல்லிய கோடும் இருக்கும். ஒரு ஓரம் மட்டும் தடித்தால் சுருள் கோணலாகச் சுற்றும், புரொஜெக்டரிலும் ஃபிலிம் சமமாக உட்காராது. அதைச் சரிக்கட்டத்தான் இது. பின்னால் வந்த ஸ்டீரியோ புரொஜெக்டர்கள் இதிலும் ஒலியைப் பதிவு செய்தன.

சரி, ஒலி எப்படி இருக்கும்? நொடிக்கு 18 ஃபிரேம் ஓடினால் கோடு 7.6 செ.மீ. நகர்கிறது. கேசட்டில் 4.76 செ.மீ.தான். கணக்குப்படி இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஃபிலிம் நாடாவைப் போல வளைந்து ஒலித்தலையோடு ஒட்டாது. ஓட்டமும் சீராக இராது. அதனால்தான் குரல் லேசாக நடுங்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் நின்று நின்று நகரும்; ஒலிக்கோ சீரான ஓட்டம் வேண்டும். ஆகவே ஒலித்தலையைத் தள்ளி வைத்து, படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் ஒலியைப் பதிவு செய்தார்கள். 18 ஃபிரேம் வேகத்தில் அது சரியாக ஒரு நொடி. காட்சி தொடங்கும் இடத்தில் கத்தரித்தால் முதல் நொடிப் பேச்சு வெட்டிய துண்டோடு போய்விடும். பாட்டி "வாப்பா" என்று கூப்பிட்டது அதில்தான் இருந்திருக்கும்.

1980களில் வீடியோ கேமரா வந்து இதை ஓரங்கட்டியது. ஒலிக்கோடு போட்ட சூப்பர் 8 ஃபிலிமை 1997இல் கோடாக் நிறுத்திவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படத்தை மட்டும் ஸ்கேன் செய்து கொடுக்கும் கடைகள் உண்டு. கோட்டை வாசிக்கத் தனியாகக் காந்த ஒலித்தலை வேண்டும். அது அங்கே இல்லாவிட்டால் தாத்தாவின் வாய் அசையும், குரல் வராது. "இது ஊமைப்படம் சார்" என்று சொல்லிவிடுவார்கள், நாமும் நம்பிவிடுவோம்.

எனவே முதலில் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். பழுப்புக் கோடு இருந்தால், "ஒலியையும் எடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிய அறிகுறி அது. கோட்டில் உள்ள இரும்பு ஆக்ஸைடு அந்தச் சிதைவை இன்னும் வேகப்படுத்தும்.

முகத்துக்காவது போட்டோ இருக்கிறது. குரலுக்கு அந்தக் கோட்டை விட்டால் வேறு ஏது?