கைமடிப்பின் பச்சையும் களிமண்ணின் வெள்ளையும்

மேசைப் போர் விளையாட்டுக்கான சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோரிடையே பிரித்தானியரின் 24ஆம் காலாட்படைப் பிரிவுக்குத் தனி மதிப்பு உண்டு. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டல்வானாவில் சூலுப் படையிடம் பேரழிவைச் சந்தித்ததும், அன்று மாலை தொடங்கி இரவெல்லாம் ரோர்க்ஸ் டிரிஃப்டில் தாக்குப்பிடித்ததும் இப்பிரிவினரே. 1964இல் வெளிவந்த ‘சூலு’ திரைப்படம் அவர்களை மேலும் பரவலாக அறியச் செய்தது.

ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள அவ்வுருவத்திற்கு முதலில் அடிப்பூச்சு. பிறகு மேலங்கியின் சிவப்பு. அதன்மேல் நீர்த்த கருஞ்சாயம் மடிப்புகளுக்குள் இறங்கி நிழலாகும். மேடான இடங்களில் வெளிர்நிறம் ஏற்றப்படும். கைத்திறனைக் காட்டிலும் இங்கே சான்றுக்கே மதிப்பு அதிகம். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் பச்சையாக இருத்தல் வேண்டும்; வெள்ளை தீட்டினால் 1881 சீர்திருத்தத்திற்குப் பிந்தைய நிறத்தை 1879இல் ஏற்றிய பிழையாகும். வெள்ளைத் தலைக்கவசம் கண்ணில் படாதிருக்க வீரர்கள் அதைத் தேநீரில் தோய்த்தனர் என்பதால், அதற்கும் மங்கிய பழுப்பே பொருந்தும். இத்தகைய நுணுக்கத்திற்குப் போதிய ஆவணங்கள் உள்ளன.

இதே பிரிவின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்தோர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் லிட்டில் அந்தமானில் கரையிறங்கினர். இன்று ஹட் பே துறைமுகத்தின் பெயரால் அறியப்படும் அத்தீவு, ஓங்கே மக்களின் மொழியில் கௌபொலாம்பே. ‘அசாம் வேலி’ என்ற கப்பலின் தலைவரும் மாலுமிகள் எழுவரும் அங்கு இறங்கித் திரும்பவில்லை. அவர்கள் கதியை அறிய, பிரித்தானிய பர்மாவின் தலைமை ஆணையர் ஒரு படையை அனுப்பினார். 1867 மே 7 அன்று தென்கரையில் துப்பாக்கிக்கும் அம்புக்கும் இடையே மோதல் மூண்டது. ஓங்கேயர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேரலைகளால் கரையில் சிக்கிய படையினரைப் படகோட்டிச் சென்று மீட்ட உதவி மருத்துவர் கேம்ப்பெல் மெல்லிஸ் டக்ளசுக்கும் நான்கு சிப்பாய்களுக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. பகைவர் முன்னிலையில் அல்லாத வீரச்செயலுக்கும் அவ்விருதை அளிக்கலாம் என்ற 1858ஆம் ஆண்டு விதியின்கீழ் வழங்கப்பட்டவை மொத்தம் ஆறே. அவற்றுள் ஐந்து இந்த ஒரு நாளுக்குரியவை. அம்பெய்தவர்கள் எதிரே நின்ற நாளொன்று ‘பகைவர் முன்னிலையில் அல்லாத’ நாளாகப் பதிவானது விந்தையே.

அந்நால்வருள் ஒருவரான வில்லியம் கிரிஃபித்ஸ் பின்னர் இசாண்டல்வானாவில் மாண்டார். அப்போர்க்களத்துக்கென எங்கோ ஒரு மேசையில் தீட்டப்படும் சிவப்பங்கி வீரன் அவராகவும் இருக்கலாம்.

1867இன் தென்கரையை மேசைமேல் அமைக்க முற்படுபவருக்கு மறுதரப்பில்தான் சிக்கல். ரைஸ்விட்ஸ் 1824இல் பிரஷ்யப் படைக்கு அளித்த போர் விளையாட்டில் இரு தரப்புக்கும் ஒரே வடிவக் கட்டைகள்; நிறம் மட்டுமே வேறு. சிற்றுருவ விளையாட்டில் அவ்வாறு ஒப்பேற்ற இயலாது. ஓங்கேயருக்குச் சீருடை இல்லை. வெண்களிமண்ணும் செங்காவியும் கொண்ட உடற்பூச்சே உண்டு. ராட்கிளிஃப்-பிரௌன் 1906-08இல் ஆய்ந்து 1922இல் வெளியிட்ட நூல், பெரும்பாலும் பெரிய அந்தமான் மக்களைப் பற்றியது. ஓங்கேயரைப் பற்றி விஸ்வஜித் பாண்டியா 1993இல் வெளியிட்ட ஆய்வு, இப்பூச்சை வெறும் அலங்காரமாகக் கொள்ளவில்லை. உடலின் மணத்தை ஆளும் முறை அது. ஆவிகள் மனிதரை மணத்தால் அறிகின்றன என்பது அம்மக்களின் கருத்து. எனவே பூச்சு, செயலுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும். ஒரே கோலத்தை இருபது உருவங்களில் படியெடுப்பவர் அதைச் சீருடையாக்கிவிடுகிறார்.

சாயம் விற்போரிடம் வெள்ளைக்கும் காவிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த மே மாதக் காலையில் யார் முகத்தில் எந்தக் கோடு இருந்தது என்பதை அலைகளுக்கு அப்பாலிருந்து எவரும் குறித்துக்கொள்ளவில்லை. ஓங்கேயருடன் ஆங்கிலேயருக்கு நட்புறவு ஏற்பட்டதே 1880களின் பிற்பகுதியில்தான். 1901 கணக்கெடுப்பில் 672ஆக மதிப்பிடப்பட்ட அவர்கள், 2011இல் 101 பேர். தீட்டி முடித்த சிற்றுருவத்தின்மேல் நிறம் உதிராதிருக்க வார்னிஷ் பூசுவர். களிமண் பூச்சோ காய்ந்ததும் உதிரும். மறுமுறை புதிதாய் இடப்படும்.