ரால்ப் கீனின் பயிற்சிப் பட்டறையும் சீகிரியாக் குன்றும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த பிரித்தானிய இயக்குநர்களுள் பெயர்பெற்றவர்கள் இத்தீவை வேறொரு நாட்டின் வேடத்திலேயே திரையில் நிறுத்தினர். கரோல் ரீட், ஜோசப் கொன்ராட்டின் நாவலைத் தழுவிய படத்திற்காக இதனைக் கிழக்கிந்தியத் தீவாக்கினார். டேவிட் லீனின் 1957ஆம் ஆண்டுப் படத்திலோ கித்துல்கலை ஆறு குவாய் ஆறாயிற்று. இவர்களின் புகழில் சிறு பங்கும் பெறாத ரால்ப் கீன்தான் இந்நாட்டுத் திரைக்கலைக்கு நிலையான பயனை விட்டுச் சென்றவர்.

மைசூரில் 1902இல் பிறந்த கீன், புனைகதையைத் தவிர்த்து உண்மை மாந்தரையும் அவர்தம் தொழிலையும் படம்பிடிக்கும் விவரணப்படத் துறையைச் சேர்ந்தவர். 1946இல் கவிஞர் லோரி லீயின் எழுத்துத் துணையோடு சைப்பிரஸ் தீவைப் பற்றியும், அடுத்த ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியும் அவர் எடுத்த படங்கள் வெளிவந்தன. தேயிலையோடு பிணைந்த மாத்தளை மலைப்புற வாசகருக்கு இரண்டாவது படம் அந்நியமாகத் தோன்றாது.

இலங்கையில் 1948இல் அமைக்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவை முதலில் வழிநடத்தியவர் இத்தாலியரான ஜூலியோ பெத்ரோனி. 1950களின் தொடக்கத்தில் அப்பொறுப்பு கீனிடம் வந்தது. லண்டனில் பத்திரிகைப் பணியோடு குறும்படங்களும் எடுத்துவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், கீனின் அழைப்பையேற்று 1952இல் நாடு திரும்பி அவருக்கு உதவி இயக்குநரானார். முதற் சிங்களப் பேசும்படம் 1947இல் மதுரையில் உருவானதிலிருந்து தென்னிந்தியக் கலையகங்களே சிங்களத் திரையின் தாயகமாக இருந்துவந்தமையை நோக்கினால், கமெராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுசென்ற இப்பயிற்சியின் அருமை விளங்கும். கலையகத்தின் துணிச்சுவரும் செயற்கை ஒளியும் இல்லாமலே ஒரு கதையைச் சொல்லலாம் என்ற துணிவு லெஸ்டருக்கு இங்குதான் வாய்த்தது. ஒளிப்பதிவாளர் வில்லி பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய சக ஊழியரோடு அரசுப் பணியைத் துறந்து அவர் உருவாக்கிய 'ரேகாவ' 1956இல் வெளிவந்து, மறு ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

இவ்வழியின் தொடர்ச்சியை மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே காணலாம். தந்தை தாதுசேனனைக் கொன்று ஐந்தாம் நூற்றாண்டில் சீகிரியாக் குன்றின் உச்சியில் அரண்மனை எழுப்பிய காசியப்பனின் கதையை, 1970களின் நடுவில், பிரித்தானிய – இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக லெஸ்டர் ஆங்கிலத்தில் படமாக்கினார். ஒலிவர் டோபியாஸ், லீ லோசன் ஆகியோரோடு ரவீந்திர ரந்தெனிய, ஜோ அபேவிக்ரம, ஐராங்கனி சேரசிங்க ஆகிய நம் நாட்டுக் கலைஞரும் அதில் நடித்தனர். மன்னர்களின் ஆரவாரம் லெஸ்டரின் அடங்கிய நடைக்குப் பொருந்தவில்லை என்பதும், அவரது தலைசிறந்த படங்களோடு இதனை வைத்தெண்ண இயலாது என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டியவையே. ஆயினும், பிறநாட்டு வேடம் பூண்டுவந்த இம்மண், பிரித்தானியப் பங்களிப்புடைய பெரும்படமொன்றில் தன் பெயரோடும் தன் வரலாற்றோடும், தன் மகன் ஒருவரின் இயக்கத்தில் நின்றது சிறிய காரியமன்று.

1963இல் காலமான கீன் இதனைக் காணவில்லை. அவர் இங்கு எடுத்த 'ஹெரிட்டேஜ் ஒஃப் லங்கா', 'நெலுங்கம' ஆகிய விவரணப்படங்களைத் தமிழ் விளக்கத்தோடு மாத்தளைப் பாடசாலைகளில் திரையிட உரியோர் முன்வர வேண்டும்.