பிரெஞ்சு மரை

பழைய சைக்கிள் கிறுக்கு உள்ளவர்களிடம் போய் "பிரெஞ்சு வண்டி ஒண்ணு மாட்டுச்சு" என்று சொல்லிப் பாருங்கள. முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "மரை எல்லாம் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். நம்ம ஊரில் மரை கழண்ட கேஸ் என்று யாரைச் சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும். பிரெஞ்சு சைக்கிளில் பிரச்சினை நேர் எதிர். மரை லேசில் கழலாது. கழண்டுவிட்டால் அந்த இடத்தில் மாட்ட வேறொன்று கிடைக்காது.

இந்தப் பதிவு அந்த மரையைப் பற்றித்தான். நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் திருக வேண்டிய சமாச்சாரத்துக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்குங்க.

என்கிட்ட இருக்கிறது பெஜோ யூஓ-8. (எழுத்துக் கூட்டிப் படித்தால் பியூஜியோட் என்று வரும். பிரெஞ்சுக்காரர்கள் பெஜோ என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற பத்து கியர் வண்டி. இங்கே ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் 40 டாலருக்கு வாங்கினேன். இதே கம்பெனி அதே காலத்தில் பிஎக்ஸ்-10 என்று ஒரு பந்தய வண்டியும் விற்றது. ரெனால்ட்ஸ் 531 குழாயில் செய்தது. அதை வைத்திருப்பவர்கள் பூஜை ரூமில் வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். யூஓ-8க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாதாரண கார்பன் எஃகுக் குழாய், குரோம் பூசிய எஃகு ரிம், நம்ம ஊர் வாடகை சைக்கிள் மாதிரியே காட்டர் பின் அடித்த கிராங்க். எடை 13 கிலோவுக்கு மேல். பிஎக்ஸ்-10க்கு உதிரி பாகம் வேண்டும் என்றால், யூஓ-8ஐப் பிரித்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்புவதுதான் இங்கே வழக்கம்.

பெஜோ குடும்பம் சைக்கிளுக்கு வந்த கதை சுவாரசியமானது. சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் மோன்பெலியார் பகுதியில் இருந்த தங்கள் தானிய ஆலையை 1810ல் எஃகுப் பட்டறையாக மாற்றினார்கள். அங்கேதான் ஆரம்பம். ரம்பம் செய்தார்கள், கடிகார ஸ்பிரிங் செய்தார்கள், குடைக்கம்பி செய்தார்கள், 1840ல் காப்பிக்கொட்டை அரைக்கும் மில் செய்தார்கள். 1882ல் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் பழைய மாடல் சைக்கிள். கார் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தச் சிங்க முத்திரைகூட முதலில் ரம்பத்துக்குப் போட்டது. பெஜோ மிளகு மில் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

பெஜோ சட்டகத்தைச் செய்தது, மாட்டின சாமான்கள் பலவும் வேறு வேறு பிரெஞ்சு ஊர்க்காரர்களுடையவை. கியர் மாற்றி டிஜோன் நகரத்தில் இருந்த சிம்ப்ளெக்ஸ் கம்பெனி. லூசியன் ஜுய் என்பவர் 1928ல் தொடங்கியது. அப்போது டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தில் இந்த மாதிரி கியருக்குத் தடை. வீரர்கள் கீழே இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டி மலை ஏறினார்கள். 1937ல்தான் தடையை எடுத்தார்கள். பிரேக், மிஷலின் டயர்காரர்களின் ஊரான கிளெர்மோன் ஃபெரோனில் இருந்த மஃபாக். ஹப் நார்மண்டி, ரிம் ரிஜிடா. ஒரு நாட்டின் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து மொய் எழுதிய மாதிரி ஒரு வண்டி.

இவர்கள் அத்தனை பேரையும் கட்டிப்போட்டது ஒரே மரைக் கணக்கு. மீட்டர் அளவையைப் பெற்ற நாடாச்சே! பெடல் சுற்றும் அச்சு உட்காரும் கப்பு 35 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஃபோர்க் தண்டு 25 மில்லிமீட்டர், அதுவும் 1 மில்லிமீட்டர் மரை. பெடல் அச்சு 14 மில்லிமீட்டர். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 22. எல்லாம் பார்க்க அழகான எண்கள்.

ஆனால் பக்கத்திலேயே கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயன் அங்குலத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கப்பு 1.37 அங்குலம், அதாவது 34.8 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 24 மரை. 1949ல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் பிரிட்டிஷ் கூட்டில் வந்தது. ஹெர்குலஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அந்த வழி. நாம் சின்ன வயசில் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டது ஆங்கிலேயன் மரபில் வந்த வண்டியில்.

இந்த 34.8க்கும் 35க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கமே. 24 மரை என்றால் மரைக்கு மரை 1.058 மில்லிமீட்டர். பிரெஞ்சு 1 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் தெரியாது. கையால் திருகினால் ரெண்டு சுற்று சுகமாகப் போகும். மூணாவது சுற்றில் லேசாகப் பிடிக்கும். 'துரு போல' என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் முடிஞ்சுது கதை, ரெண்டு பக்க மரையும் காலி. ஃப்ரீவீல் இன்னும் மோசம். அது ஹப்பில் ஏறிவிட்ட மாதிரியே பாவனை காட்டும். மேட்டில் ஏறி மிதிக்கும்போது மொத்த மரையையும் வழித்துக்கொண்டு வெறுமே சுற்றும். முழுக்க வேறு வேறு அளவாக இருந்திருந்தால் யாரும் மாட்டவே முயற்சி செய்திருக்க மாட்டார்கள்.

அளவை விட எனக்கு ஆச்சரியம் கொடுத்தது திசை. பிரெஞ்சு வண்டியில் கிராங்க் அச்சின் வலது கப்பு, இடது கப்பு ரெண்டுமே சாதாரண வலம்சுழி மரை. ஆங்கிலேயன் வலது கப்பை மட்டும் இடம்சுழியாக வைத்தான். ஏன்? ஒரு வளையலுக்குள் பென்சிலை விட்டு, வளையலின் உள்விளிம்பைத் தொட்டபடியே உருட்டிப் பாருங்கள். பென்சில் வளையலுக்குள் வலம் வரும், ஆனால் தான் மட்டும் எதிர்த்திசையில் சுழலும். மிதிக்கும்போது பாரம் சுற்றிச் சுற்றி வருவதால், கப்பும் மயிரிழை இடைவெளியில் இதே வேலையைச் செய்யும். வலது பக்கம் அது கழலும் திசை. ஆகவே இடம்சுழி மரை போட்டால் மிதிக்க மிதிக்க இறுகும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை (இத்தாலிக்காரர்களும்தான்). பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிட்டால் எப்படிக் கழலும், பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். சுவிஸ்காரர்கள் இதே 35 மில்லிமீட்டரை எடுத்து வலது பக்கத்தை மட்டும் இடம்சுழியாக்கினார்கள். பிரெஞ்சுக் கம்பெனியான மோட்டோபெகான்கூட 1970களில் பல வண்டிகளுக்கு அந்த சுவிஸ் மரையைப் போட்டது.

இதில் ஒரு தமாஷ் உண்டு. மீட்டர் கொடி பிடித்த இந்த வண்டியின் செயின் அரை அங்குலக் கணக்கு. கிராங்க் அச்சில் ஓடும் பால்ரஸ் குண்டு கால் அங்குலம். அமெரிக்காவுக்கு அனுப்பியதால் சக்கரம் 27 அங்குலம். மரையில் மட்டும்தான் தன்மானம் :-)

சரி, இது இத்தனை எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு வந்தது எப்படி? 1970ல் அமெரிக்காவில் சுமார் 70 லட்சம் சைக்கிள் விற்றது. 1973ல் அது சுமார் 1 கோடியே 50 லட்சம். அந்த வருஷங்களில் கார் விற்பனையையே சைக்கிள் மிஞ்சியது. போருக்குப் பின் பிறந்த தலைமுறை வளர்ந்து நின்றது, 1970ல் பூமி தினம் கொண்டாடிச் சுற்றுச்சூழல் பேச்சு கிளம்பியது, 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வேறு. அதுவரை சைக்கிள் என்றால் குழந்தைகள் ஓட்டுவது. பெரியவர்களுக்கு வளைந்த ஹேண்டில்பாரும் பத்து கியரும் வேண்டியிருந்தது. உள்ளூர் ஷ்வின் வர்சிட்டி 17 கிலோ பக்கம் கனத்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு பெஜோவைத் தூக்கினால் எவனுக்கும் ஆசை வரும். பெஜோ, ஜிட்டான், மோட்டோபெகான் எல்லாம் விற்றுத் தள்ளின. 1975ல் விற்பனை சுமார் 73 லட்சத்துக்கு விழுந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

அதே நேரத்தில் ஜப்பான் உள்ளே வந்தது. மாயேதா கம்பெனி 1964லேயே சாய்ந்த இணைகரம் கொண்ட சன்டூர் கியர் மாற்றியைக் கண்டுபிடித்திருந்தது. விலை குறைவு, கியர் துல்லியமாக விழும். சிம்ப்ளெக்ஸ் தன் மலிவு மாடலை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. புதுசில் லேசானது, எண்ணெயே கேட்காது, நல்ல யோசனைதான். வயசானால் விரிசல் விடும், குறிப்பாக முன் கியர் மாற்றியின் பிடியில். பெஜோ வீரர் பெர்னார் தெவனே 1975லும் 1977லும் டூர் த ஃபிரான்ஸ் ஜெயித்தார், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டையில். கடைத்தெருவில் அதற்குள் ஆட்டம் மாறியிருந்தது. ஜப்பான் வண்டிகள் ஆங்கில மரையில் வந்தன, எந்தச் சாமானும் எதிலும் ஏறும். 1981ல் மோட்டோபெகான் திவால். மஃபாக், சிம்ப்ளெக்ஸ் ரெண்டும் அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை. பிரெஞ்சுக்காரர்களே அங்குல மரைக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆக, நம்ம கையில் இருப்பது வாரிசில்லாத மரை. என்ன செய்யலாம்?

ஒரு வழி, சட்டகத்தின் 35 மில்லிமீட்டர் மரையை வழித்துவிட்டு 36 மில்லிமீட்டர் இத்தாலிய மரை வெட்டுவது. நான் காட்டிய கடையில் (பேர் எதுக்கு, விடுங்க) அதைத்தான் சொன்னார்கள். வண்டியை விடக் கூலி அதிகம் என்பதையும் நேர்மையாகச் சொன்னார்கள். இன்னொரு வழி, மரையே இல்லாமல் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் புது அச்சுப்பெட்டி. மூணாவது, இருக்கிற கப்பையே வைத்துக்கொள்வது. நான் மூணாவதையே எடுத்தேன். செலவு மட்டும் காரணம் இல்லை. மரையை வெட்டிவிட்டால் அது இன்னொரு பழைய சைக்கிள், அவ்வளவுதான். டிஜோனையும் கிளெர்மோனையும் ஒரே கணக்கில் கட்டிய சாட்சி அந்த 1 மில்லிமீட்டர் பள்ளம்தான். பிஎக்ஸ்-10ஐக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். ஒரு காலேஜ் பையனோ ஸ்கூல் டீச்சரோ 1973ல் காசு சேர்த்து வாங்கிய வண்டியில் என்ன இருந்தது என்பதற்கு இந்த மலிவு வண்டிதான் ஆவணம். அதுகளில் பலவற்றைப் பிறகு பிடித்து, கியரை எல்லாம் அறுத்தெடுத்து ஒற்றைப் பல்லாக்கி ஓட்டினார்கள். ஓட்டட்டும், நிற்கிற வண்டியை விட ஓடுகிற வண்டி மேல். ஆனால் கியர் மாற்றி மாட்டும் காதை ரம்பத்தால் அறுத்த சட்டகங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

இந்த விஷயத்தில் ஷெல்டன் பிரவுனுக்குக் கும்பிடு போடாமல் இருக்க முடியாது. மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடி, தனக்குத் தெரிந்த அத்தனையையும் இலவசமாக இணையத்தில் எழுதி வைத்தவர். 2008ல் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய பிரெஞ்சு சைக்கிள் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. வலைப்பதிவு என்று சொல்லிக்கொள்ளும் நம் எல்லாருக்கும் அவர் முன்னோடி என்பேன்.

வேலை நடந்த விதம் சுருக்கமாக. காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்தால் வளையும், ஆகவே கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, அடியை அது வாங்கிக்கொள்ளும்படி ஒரே போடாகப் போட்டேன். புது பின் வாங்குவதாக இருந்தால் கவனம், பிரெஞ்சு பின் 9 மில்லிமீட்டர், ஆங்கில பின் 9.5. பழைய அலுமினிய ஸ்டெம்மை நம்பவில்லை, முகத்தில் பல் இருக்க வேண்டும் அல்லவா. 22.2 மில்லிமீட்டர் புது ஸ்டெம் வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து 22க்குக் கொண்டுவர ஒரு ஞாயிறு மதியம் போனது. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது கடவுள் கையில். அதை மட்டும் தாட்சண்யம் இல்லாமல் அலுமினியத்துக்கு மாற்றினேன். பழைய ரிம்மைத் தூக்கிப் போடவில்லை, சுவரில் தொங்குகிறது. மஃபாக் பிரேக் கட்டை கத்தும் என்று ஒரு பேர் உண்டு. கட்டையின் முன்நுனி முதலில் ரிம்மைத் தொடும்படி லேசாகத் திருப்பி வைத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

இடது கப்பு கழண்டது. குண்டுகளை எண்ணிக்கொண்டேன், பக்கத்துக்கு 11. கப்பில் ஓடின தடம் பளபளப்பாக இருந்தது, குழி விழவில்லை. வலது கப்பைத் தொடவே இல்லை. பெஜோ தொழிற்சாலையில் யாரோ முறுக்கிய முறுக்கு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இடது பக்க ஓட்டை வழியாகக் குச்சியில் சுற்றி விட்டு, அது இருக்கிற இடத்திலேயே துடைத்து, புது கிரீஸ், புது கால் அங்குலக் குண்டு 11 வைத்து அச்சை மாட்டினேன்.