தீயில் சாகாத தீயணைப்பு வீரர்கள்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பு. தீயணைப்பு நிலையங்களில் அன்று நீத்தார் நினைவு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில், பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி வந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறோம், நியாயம்தான். தீயை அணைத்துவிட்டு வீடு திரும்பியவர் இருபது வருஷம் கழித்து இரத்தப் புற்றுநோயில் போனால், அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பெட்ரோலிலும் பிளாஸ்டிக் எரியும் புகையிலும் பென்சீன் இருக்கிறது. இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே அது கெடுக்கும். மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் செய்தி என்றால் கண் தானாக நிற்கும். லியோன் நகரத்து மருத்துவர்கள் தெலோரும் பொர்கொமானோவும், பென்சீன் நஞ்சேறியவருக்கு இரத்தப் புற்று வந்ததை 1928-இலேயே எழுதி வைத்தார்கள். 1931-இல் பிரெஞ்சு அரசு பென்சீன் பாதிப்பைத் தொழில்நோய் என்று ஏற்றது. நம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் பென்சீன் இடம்பெற்றது. எல்லாம் தொழிற்சாலை ஆட்களை மனத்தில் வைத்துத்தான்.

அதே லியோனில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது. தீயணைப்புத் தொழிலால் புற்றுநோய் வரலாம் என்று 2007-இல் சந்தேகமாகச் சொன்ன முகமை, 2022-இல் வரும் என்றே உறுதி செய்து, புகையிலை இருக்கும் முதல் பிரிவில் அதை வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுக்குச் சான்று வலுவாக உள்ளது. இரத்தப் புற்று வகைகளில் ஒன்றான நிணநீர்ப் புற்றுக்கு ஓரளவே. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாம்பன், மண்டபம் பக்கம் அந்தக் காலத்தில் எரிந்தவை பனையோலையும் மரமும். அந்தப் புகையும் நல்லதல்ல. இப்போதோ ஃபைபர் படகு, நைலான் வலை, தெர்மோகோல் பெட்டி, டீசல். தீ அடங்கிய பிறகும் கரி சட்டையில் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார்கள். கரி பிடித்த சட்டை வீரத்துக்கு அடையாளம் என்று நினைத்த காலம் அது. உடனே குளிப்பது, சட்டையைத் தனியாகத் துவைப்பது, தணல் கிளறும்போதும் முகமூடியைக் கழற்றாமல் இருப்பது: இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் பல என் மேசையைக் கடந்திருக்கின்றன. இறப்புச் சான்றிதழைப் பார்ப்போம். எந்தெந்தத் தீயில் நின்றார் என்று கேட்க அதில் இடமில்லை. உங்கள் வீட்டில் தீயணைப்பு வேலை பார்த்த பெரியவர் இருந்தால், ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.