விமானிக்கு முன்னே மாலுமி
மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கி 1964ஆம் ஆண்டுப் புயலோடு முடிந்த கப்பற் போக்குவரத்தில், இரவுக் கடலில் கலத்தின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரிந்தன. எதிர்வரும் கலம் எப்பக்கம் செல்கிறது என்பதை அவையே உணர்த்தின. விமான இறக்கைகளும் இவ்வழக்கையே ஏற்றன. மாலுமியின் நிறப் பரிசோதனை விமானிக்கும் வந்தது.

1875இல் சுவீடனில் நேர்ந்த இரயில் விபத்துக்கு நிறக்குருடு காரணமாகலாம் என்று கருதிய ஹோல்ம்கிரென், வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்துச் சோதித்தார். 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை மறைத்த படங்களை வெளியிட்டார்.

அவ்வெண்களை மனனம் செய்து செல்வோரும் உண்டு, பாவம்! பிறவி நிறக்குறையைப் பயிற்சி மாற்றாது. ஆயத்தம் என்பது முதல்நாள் நல்லுறக்கமும், மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனை மறவாது கொண்டுசெல்வதுமே. நிறச் சோதனையில் தேறாதவருக்குப் பகலில் மட்டும் பறக்க உரிமையளிக்கும் நாடுகளும் உள.