அரசு ஐடிஐ-யில் யார் பாஸ்? பிரின்சிபாலா, கம்பெனியா?

10-ம் வகுப்பு முடிச்சிட்டு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்க அரசு ஐடிஐ-க்குப் போறீங்களா? அங்கே எல்லா முடிவையும் பிரின்சிபால்தான் எடுப்பார்னு நினைச்சா, அது முழுசா சரியில்லை.

என்ன திட்டம்?
நாடு முழுவதும் 1,396 அரசு ஐடிஐ-க்களை மேம்படுத்தும் திட்டத்தை மத்திய அரசு 2007-08-ல் தொடங்கியது. ஒரு ஐடிஐ-க்கு ₹2.5 கோடி வரை வட்டியில்லா கடன் தரப்பட்டது. இதை நிர்வகிக்க ஒரு மேலாண்மைக் குழு. அதன் தலைவர் தொழில்துறையைச் சேர்ந்தவர். பிரின்சிபால் உறுப்பினர் செயலர்.

சிக்கல் எங்கே?
மெஷின் வாங்குவது குழு. கடனைத் திருப்பிக் கட்டுவதும் குழுதான். ஆனால் ஐடிஐ-யின் உரிமையாளர் மாநில அரசு. நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதும் அரசுதான். அது தாமதமானால், புது மெஷின் வந்தும் சொல்லித்தர ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் பேசி வேலையை நகர்த்த வேண்டியவர் பிரின்சிபால்.

சேரும் முன் கேளுங்க: இந்த டிரேடுக்கு இன்ஸ்ட்ரக்டர் இருக்காரா? மெஷின் ஓடுதா?